அத்தாவின் இடது கால் அளவு

செங்கல்பட்டு
8-2-1978, புதன்கிழமை மதியம்

அருமை மகன் கிஃபாயத்துல்லாவுக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். சிங்கப்பூரில் நீ உடம்பு சுகத்தோடும் வேளாவேளைக்குச் சாப்பாட்டோடும் இருக்க அல்லா கிருபை செய்யட்டும். இங்கே நானும் உன் தங்கை ஹபீபாவும் சுகம். தானும் சுகம் என்று எழுதச் சொல்லித்தான் உன் அத்தா உத்தரவு போட்டிருக்கிறார். முப்பது வருஷமாக அந்த மனுஷன் சொன்னதையெல்லாம் கேட்டாயிற்று, இந்த ஒரு தடவை கேட்கப் போவதில்லை. மேலே நம் ஊர் கடப்பாக்கம் என்று இல்லாமல் செங்கல்பட்டு என்று இருப்பதைப் பார்த்து நீயே திடுக்கிட்டிருப்பாய். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். பதறாமல் கடைசி வரை படி.

அத்தாவுக்குச் சர்க்கரை வியாதி, காலையில் வேகமாக நடக்கணும், முடிந்தால் ஓடணும் என்று போன வருஷம் டாக்டர் சொன்னதும், ஓடுகிற ஷூ வாங்கி அனுப்புகிறேன், கால் அளவை வரைந்து அனுப்புங்கள் என்று கேட்டாயே, அதை வரைந்தது நான்தான். ஏர் லெட்டரில் ஊர்க்கதை எல்லாம் எழுதி முடித்து, அடியில் மிச்சம் இருந்த இடத்தில் அவரை இடது காலை வைக்கச் சொன்னேன். கட்டைவிரல் எழுத்தின் மேல் ஏறிற்று. எழுத்து மறைந்துவிடுமே என்று, அவர் காலை எடுத்த பிறகு கோட்டை அரை விரல்கடை முன்னாலேயே வளைத்து மூடிவிட்டேன். தோல் செருப்பு மாதிரி அதுவும் போடப் போட விட்டுக்கொடுக்கும் என்று நினைத்தேன். போதாததற்கு அது விடியற்காலை, கால் வீங்காத நேரம். இதை இன்று வரை யாரிடமும் நான் சொல்லவில்லை.

பக்ரீத்துக்கு முந்தின வாரம் ஜெயினுலாபுதீன் மாமா சிங்கப்பூரிலிருந்து ஊருக்கு வந்தபோது ஷூவைக் கொண்டுவந்து கொடுத்தார். வெள்ளை ஷூ, நீலக்கோடு, தெருவே வந்து பார்த்தது. பக்கத்து வீட்டு எல்லப்பன், இன்னா அண்ணாத்த, போலீசு வேலைக்கு ஆள் எடுக்கறாங்களா, ஓடிக்கினு கீறே என்று கேலி செய்தான். அத்தாவுக்குத் தலைகால் புரியவில்லை. தினமும் ஆலம்பரைக் கோட்டை வரை ஓடிப்போய்த் திரும்புவார். முதல் பத்து நாள் நொண்டினார். கடிக்கிறதா என்று கேட்டால், புள்ள ஆசையா வாங்கி அனுப்பிச்சது, போடப் போட சரியாப் பூடும், நீ உன் வேலையப் பாரு என்று எரிந்து விழுந்தார். அப்புறம் ஒரு நாள், பாத்தியா, இப்போ வலியே இல்ல, ஷூ காலுக்குப் பழகிடுச்சு என்றார். பாவி நான், அல்ஹம்துலில்லா என்று சொன்னேன்.

போன மாதக் கடைசியில் வாசல் கூட்டும்போது பார்த்தால் எறும்பு சாரை சாரையாக இடது ஷூவுக்குள் போய்க்கொண்டிருந்தது. வலது ஷூவை ஒரு எறும்பு கூடச் சீண்டவில்லை. கையை விட்டேன், முனை ஈரமாக இருந்தது. மோந்து பார்த்தேன் தம்பி, அந்த நாற்றத்தை உனக்கு எழுத மாட்டேன். அவரை உட்கார வைத்து, முதல்நாள் ஓடியதிலிருந்து கழற்றாமல் இருந்த காலுறையை இழுத்தால் அது கட்டைவிரலோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது. மனுஷன் சவுக்குக் கட்டை ஏற்ற வராத லாரிக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தாரே தவிர ஸ் என்று ஒரு சத்தம் இல்லை. செய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். கம்பவுண்டர் ஏசுதாஸ் உள்ளங்காலில் மூன்று இடத்தில் ஊசியால் குத்தினார். அத்தா, இன்னாய்யா, எப்போ ஆரம்பிக்கப் போறே என்று கேட்டார். ஏசுதாஸ் என் பக்கம் திரும்பி, காலு மரத்துப் போச்சும்மா, செங்கல்பட்டுக்கு இட்டுக்கினு போங்க என்றார்.

அந்த ஏசுதாஸ் பட்டாளத்தில் ஓட்டப் பந்தயம் ஓடினவர். ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, நல்ல ஷூதாம்மா, அளவுதான் சின்னது என்றார். நீ தேகப்பயிற்சிக் கூடத்தில் குண்டு தூக்குகிற போட்டோவையும் காட்டினேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், கேட்டுக்கொள். ஷூ வாங்க சாயங்காலம்தான் போகணும், அப்போதுதான் கால் பெருத்திருக்கும். ஓடும்போது போடுகிற காலுறையோடு இரண்டு காலிலும் போட்டு, எழுந்து நின்று பார்க்கணும். முனையில் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கணும், குதிகால் வழுக்கக் கூடாது. ஓடறதுக்கு மெத்துமெத்துன்னு அடி வேணும், ஆனா பாரம் தூக்க அது ஆவாது, கணுக்கால் பொரண்டுடும், அதுக்குத் தட்டையா கெட்டியா அடி வெச்ச கேன்வாஸ் ஷூ போதும்னு உன் புள்ளைக்கு எழுதும்மா என்றார். நீயோ இரண்டுக்கும் ஒரே ஷூவைப் போட்டுக்கொண்டு பல்லைக் காட்டி நிற்கிறாய். கடைக்காரன் போகப் போகத் தளரும் என்பான், அவன் காலா அது?

இனிமேல்தான் நான் எழுத வந்தது. என் ஷூ முனை இடித்து நகம் கறுத்துவிட்டது என்று தீபாவளி சமயத்தில் எழுதியிருந்தாய். நேற்று ஹபீபா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்த கடிதத்தில், இப்போது வலியே இல்லை அம்மா, ஷூ காலுக்குப் பழகிவிட்டது என்று எழுதியிருக்கிறாய். அத்தா சொன்ன அதே வார்த்தை. ஓயாத தாகம், இங்கே வெக்கை அதிகம் என்றும் ஒரு வரி போட்டிருக்கிறாய். அவரும் முதலில் வெக்கை என்றுதான் சொன்னார். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே டாக்டரிடம் போய் ரத்தமும் மூத்திரமும் சோதித்துப் பார். முப்பது வயசு கூட ஆகவில்லை, எனக்கு என்ன வந்துவிடும் என்று பேசாதே. உன் காலில் விழுந்து கேட்கிறேன், போ.

நாளைக் காலை எட்டு மணிக்கு அத்தாவின் கட்டைவிரலை எடுக்கிறார்கள். அதோடு நின்றுவிடுமா என்று டாக்டரைக் கேட்டேன். அவர் கணுக்காலுக்குக் கீழே மையால் ஒரு கோடு போட்டு, கறுப்பு இதைத் தாண்டுதான்னு பாத்துக்கினு இருங்கம்மா என்றார். அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். காலையில் இருந்ததைவிட இப்போது பக்கத்தில் வந்திருக்கிற மாதிரி இருக்கிறது, என் கண்ணுக்குத்தான் அப்படித் தெரிகிறதோ என்னவோ.

இதோடு ஒரு பழுப்புத் தாள் மடித்து வைத்திருக்கிறேன். இன்று கட்டு மாற்றும்போது அத்தாவின் இடது காலை முழுசாக, ஒரு நூல் கூடக் குறைக்காமல் வரைந்தேன். எதுக்கு, அடுத்த ஷூவுக்கா என்று கேட்டார். ஆமாம் என்றேன். இந்த வாட்டி ஒரு சைசு பெரிசா கேளு என்றார். யா அல்லா, தெரிந்தேதான் போட்டிருக்கிறார். நீ வாங்கி அனுப்பியது என்று வாயைத் திறக்காமல் ஓடியிருக்கிறார். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விடாதே, அந்த அளவுக்கு இனி ஷூ வேண்டாம். பத்திரமாக வைத்துக்கொள்.

ரப்பு உன்னைக் காப்பாற்றட்டும், அத்தாவுக்காக துஆ செய். மறக்காமல் ஒன்று. பெரிய தாளாக வாங்கி உன் இரண்டு பாதத்தையும் முழுசாக வரைந்து உடனே அனுப்பு. எந்த விரல் கறுத்திருக்கிறதோ அதை அதே அளவுக்குக் கறுப்பாகவே தீட்டு. அம்மா பயப்படுவாளே என்று கோட்டை முன்னாலேயே மூடிவிடாதே.

உன் முகத்தையே நினைத்திருக்கும் அம்மா,
ரோஷன் பீவி