இடது கை தெரியும்படி

மெம்பிஸ்,
ஏப்ரல் 9, 1984

அன்புள்ள ஓசெல்லாவுக்கு,

நான் சுகம். உனக்கும் ஒன்றும் இருக்காது. இருந்திருந்தால் உன் அக்கா டோவி இதற்குள் ஊரைக் கூட்டியிருப்பாள்.

நீ இரண்டு முறை போன் செய்ததாக ஓட்டலில் சீட்டு கொடுத்தார்கள். போன் வேண்டாம். லிட்டில் ராக்கிலும் சனியன், இங்கேயும் சனியன். எதிரில் யார் பேசினாலும் ஆற்றுக்கு அடியிலிருந்து பேசுவதுபோல இருக்கிறது. எழுது. பன்னிரண்டு வருஷமாகப் பிரிந்திருக்கிற பெண்டாட்டி நாலு வரி எழுதினால் குடி முழுகிவிடாது.

பாஸ் கிட்டார் வாசிக்கிறவனை அனுப்பிவிட்டேன். ஜனவரியிலிருந்து இவன் மூன்றாவது ஆள். நான் ஒரு சுருதியில் நிற்கிறேன், அவன் அடுத்த தெருவில் நிற்கிறான். கேட்டால், "உங்க கிட்டாருக்குத்தானே சார் சுருதி கூட்டினேன்" என்று முகத்தைத் தூக்கிக்கொள்கிறான். டிரம்ஸுக்கு மட்டும் நம் ஹோசியா இருக்கிறான், பிழைத்தேன்.

இப்போது வாசிக்கும்போது குனிந்து, தாடையைக் கிட்டாரின் விளிம்பில் அழுத்திக்கொள்கிறேன். எலும்பு வழியாகச் சத்தம் நன்றாக ஏறுகிறது. ஜனங்கள் அதை வித்தை என்று நினைத்துக் கைதட்டுகிறார்கள். எழுபத்தொரு வயதில் வித்தை!

விஷயத்துக்கு வருகிறேன். செப்டம்பர் 15 நம் கிரீன்வில்லில் வாசிக்கிறேன், நெல்சன் தெரு மண்டபத்தில். அங்கேயே அதை ஒலிப்பதிவு செய்து இசைத்தட்டாக்குகிறார்கள். லண்டன் வரை போய் வாசித்தவனுக்குச் சொந்த ஊரில் பதிவான ஒரு தட்டு இல்லை. இது சரியாக அமைய வேண்டும், ஓசெல்லா. இதற்குப் பிறகு இன்னொன்று வராது. நீ முன்வரிசையில் வந்து உட்கார். உட்கார மட்டும்தான் கூப்பிடுகிறேன்.

விவாகரத்துக் காகிதம் இன்னும் வந்து சேராத,
லியோட்டிஸ்


கிரீன்வில்,
ஏப்ரல் 21, 1984

லியோட்டிஸ்,

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். ஆறு இந்த வருஷம் கரைக்குள் அடங்கியிருக்கிறது. டோவிக்கு முழங்கால் வலி, வாய்க்கு வலி இல்லை. தேவாலயத்தில் நான்தான் இப்போதும் பியானோ. ஈஸ்டருக்குப் பாடகர் குழுவை ஒரு வழிக்குக் கொண்டுவருவதற்குள் உயிர் போய்விட்டது.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. மூன்று பேரும் எப்படி ஒரே தப்பைச் செய்தார்கள்? நான் உன் மேடையில் இருந்தவரை நீ என் பியானோவுக்குத்தான் சுருதி கூட்டினாய். பியானோ யாருக்காகவும் ஏறி இறங்காது. செயின்ட் லூயிஸில் மேடை நடுவிலே, எல்லோர் காதிலும் விழும்படி, "ஓசெல்லா, உன் இடது கை பிந்துது. எறங்கு" என்று சொல்லி என்னை இறக்கினாயே, அன்றிலிருந்து உன் கிட்டார் வைத்ததுதான் சட்டம். அது சரியா தப்பா என்று சொல்ல மேடையில் வேறு எதுவும் இல்லை.

அப்புறம், போகிற ஊரிலெல்லாம் ஓட்டல் போன் கெட்டா இருக்கும்?

செப்டம்பருக்கு வருவேனா தெரியாது. நேரத்துக்குச் சாப்பிடு. டிராக்டரை நடு வயலில் ஓடவிட்டு ரயிலேறியவன் நீ. எஞ்சினை அணைக்கக்கூடப் பொறுமை இல்லாத ஆளுக்குச் சாப்பிட எங்கே பொறுமை இருக்கப்போகிறது?

ஓசெல்லா


சிகாகோ,
ஜூன் 4, 1984

ஓசெல்லா,

உன் கேள்விக்குப் பதில் இத்துடன் வைத்திருக்கும் பத்திரிகைத் துண்டில் இருக்கிறது. படித்துப் பார். "லியோட்டிஸ் டார்வர் தன் மேல் ஸ்தாயிக் கம்பிகளின் சுருதியை வேண்டுமென்றே மயிரிழை இறக்கி வைத்திருக்கிறார். இது பழைய டெல்டாக் கிட்டார்காரர்களின் ரகசியம்" என்று எழுதியிருக்கிறான். நான் எதையும் இறக்கவில்லை! எப்போதும்போலத்தான் கூட்டினேன். கூட்டம் எழுந்து நின்று தட்டியது. அந்தக் கைதட்டல் எனக்கு இனிக்கவில்லை. ஏன் என்றும் விளங்கவில்லை.

இன்னொன்றும் நடந்தது. ஞாயிறு மதியம் பூங்காவில் வாசித்துக்கொண்டிருந்தேன். ஹோசியா டிரம்ஸிலிருந்து எழுந்து வந்து என் கிட்டாரின் கழுத்தைப் பிடித்தான். இத்தனை வருஷத்தில் என் கிட்டாரை எவனும் மேடையில் தொட்டதில்லை. என் முகத்துக்கு நேரே வந்து, "அண்ணே, பாட்டு முடிஞ்சிருச்சு. எப்பவோ முடிஞ்சிருச்சு. நிறுத்துங்க" என்றான். ஜனங்கள் கைதட்டிய சத்தத்தை நான் டிரம்ஸ் என்று நினைத்துவிட்டேன், அவ்வளவுதான். யாருக்கும் வரலாம். அதற்காக அத்தனை பேர் முன்னால் கையை வைப்பதா? வேனை விட்டு இறங்கச் சொல்லிவிட்டேன். கேரியில் அவன் தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறான் என்று கேள்வி.

நாளை மில்வாக்கி, மறுநாள் மேடிசன். ஓர் இடத்தில் இரண்டு நாள் இருந்தால் எனக்கு மூச்சு முட்டுகிறது. இப்போது போகிற ஊரிலும் முட்டுகிறது.

லியோட்டிஸ்


கிரீன்வில்,
ஜூன் 19, 1984

லியோட்டிஸ்,

உட்கார்ந்து படி. வேனில் போய்க்கொண்டே படிக்காதே.

ஹோசியா எனக்கு ஒரு கேசட் அனுப்பினான். கடிதம் இல்லை, ஒரு வரிகூட இல்லை, வெறும் கேசட். அந்தப் பூங்காக் கச்சேரி. பியானோ பக்கத்தில் வைத்துப் போட்டேன். உன் கீழ்க் கம்பிகள் நான்கும் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கின்றன. மேல் இரண்டும் சேரவில்லை. அதில் ரகசியமும் இல்லை, பழைய டெல்டாவும் இல்லை. பத்திரிகைக்காரனுக்கு நீ என்ன செய்தாலும் ஞானம்.

உன் காது போய்க்கொண்டிருக்கிறது. போனில் நீ பேசாததும் அதனால்தான், அந்த மூன்று பேரைத் துரத்தியதும் அதனால்தான். உனக்கும் தெரியும் என்று நினைக்கிறேன்.

பழி தீர்க்க எழுதவில்லை. சரி, கொஞ்சம் பழியும் இருக்கிறது. செயின்ட் லூயிஸிலிருந்து பேருந்தில் தனியாக வந்தேன். வழியெல்லாம் இடது கையை மடியில் வைத்துத் தட்டிக்கொண்டே வந்தேன், பிந்துகிறதா என்று. அதற்கப்புறம் பல மாதம் பியானோவைத் திறக்கப் பயமாக இருந்தது. நீ அதை ஒரு முறைகூட விசாரித்ததில்லை.

ஆனால் இந்தக் கடிதத்தை அழுதுகொண்டுதான் எழுதுகிறேன். சிகாகோவில் எழுந்து நின்று தட்டுவார்கள். இங்கே டோவி முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவாள். "என்னாச்சு இந்த மனுசனுக்கு?" என்று வாய்விட்டே கேட்பாள், அது இசைத்தட்டிலும் பதிவாகும். வைத்தியரைப் பார். பார்த்துவிட்டு செப்டம்பர் கச்சேரியை வேண்டாம் என்று சொல்லிவிடு.

ஓசெல்லா


கிரீன்வில்,
ஜூலை 23, 1984

லியோட்டிஸ்,

கடிதம் கிடைத்ததா? சுவரொட்டியில் உன் பெயர் அப்படியே இருக்கிறது. திட்டியாவது எழுது.

ஓ.


கேரி, இண்டியானா,
ஆகஸ்ட் 12, 1984

அன்புள்ள ஓசெல்லா,

உன் கடிதத்தை மில்வாக்கியில் கிழித்தேன். பிறகு குப்பைக் கூடையிலிருந்து பொறுக்கி ஒட்டினேன். ஒரு துண்டு கிடைக்கவில்லை. ஆனால் அதில் என்ன இருந்தது என்று மனப்பாடமாகத் தெரியும்.

வைத்தியரைப் பார்த்தேன். இடது காது முழுக்கப் போய்விட்டது. வலது காதில் பாதி. மேல் சத்தங்கள் முதலில் போகுமாம், பறவை, பெண் குரல், என் மேல் கம்பிகள். நாற்பது வருஷம் ஒலிபெருக்கியை இடது பக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன், வேறென்ன ஆகும். நான் ஓர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு மேல் கம்பியை மட்டும் மீட்டிப் பார்த்தேன். விரலுக்குத் தெரிகிறது, எனக்குத் தெரியவில்லை. பயந்துபோனேன். இந்த ஆயுசில் இப்படிப் பயந்ததில்லை.

ஹோசியாவைத் தேடி இங்கே வந்தேன். மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் அவன் ஏதோ சொன்னான். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். "வாங்கண்ணே, மொதல்ல சாப்பிடுங்க." அவன் தங்கை பொரித்த மீன் வைத்தாள். அழுதுகொண்டே தின்றேன்.

இப்போது அந்தச் செயின்ட் லூயிஸ் விஷயம். அன்றைய கச்சேரியையும் யாரோ பதிவு செய்திருந்தார்கள். அந்த வாரமே போட்டுக் கேட்டேன், அப்போது எனக்கு நல்ல காது. உன் கை பிந்தவில்லை. நான் முந்திக்கொண்டிருந்தேன். முதல் பாட்டிலிருந்தே முந்தினேன், நீதான் என்னை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தாய். அது எனக்கு ஒரே வாரத்தில் தெரியும். சொல்லப் பன்னிரண்டு வருஷம் ஆயிற்று. வெட்கமாக இருக்கிறது.

நான் செப்டம்பரை விட மாட்டேன். விட்டால் செத்துவிடுவேன், இது பேச்சுக்குச் சொல்வது இல்லை. பாஸ்காரன் வேண்டாம். அந்தக் கீழ் சுரங்களுக்குப் பியானோவில் உன் இடது கை வேண்டும். கேட்க முடியாவிட்டாலும் அதைப் பார்க்க முடியும், பார்த்து வாசித்துவிடுவேன். தேவாலயத்துக்கு வெளியே வாசிக்க மாட்டேன் என்று நீ சபையில் சத்தியம் செய்தது தெரியும். தெரிந்தேதான் கேட்கிறேன். முடியாது என்றால் எழுதாமல் இருந்துவிடு. நான் புரிந்துகொண்டு, இருக்கிற காதோடு தனியாக வாசித்துவிட்டுப் போகிறேன்.

லியோட்டிஸ்


கிரீன்வில்,
ஆகஸ்ட் 20, 1984

லியோட்டிஸ்,

சபை அம்மாமார் நேற்று என்னை நடுவில் உட்காரவைத்துக் கேட்டார்கள். "கர்த்தருக்கு வாசிச்ச கையாச்சேம்மா, அத அங்க கொண்டு வைக்கலாமா?" நான் சொன்னேன்: "அந்த ஆளுக்குக் காதக் குடுத்தவரும் எடுத்தவரும் அதே கர்த்தர்தான். பதிலுக்கு ஒரு கையையாவது குடுக்கட்டும்." ஒரு மாதத்துக்கு என்னைப் பியானோவிலிருந்து விலக்கி வைத்திருக்கிறார்கள். பரவாயில்லை, பாடகர் குழு என் அருமையைத் தெரிந்துகொள்ளட்டும். டோவி மட்டும், "நான் முன்வரிசைதான், சொல்லிட்டேன்" என்றாள்.

மண்டபத்துப் பியானோ சுவரைப் பார்த்துக் கிடந்தது. நாலு பேரைப் பிடித்துத் திருப்பி வைத்தேன். நீ நிற்கிற இடத்தில் நானே நின்று பார்த்தேன். நான் உட்காருகிற இடமும் பியானோக் கட்டைகளும் தெரிகின்றன. என் இடது கை தெரியும்.

மூன்று நாள் முன்பே வா. ஹோசியாவைக் கூட்டி வா. கிட்டாரைப் பியானோவுக்குத்தான் கூட்ட வேண்டும். ஒவ்வொரு கம்பியாக முடுக்கு, நான் தலையை ஆட்டுகிற வரை நிறுத்தாதே. ஆட்டியதும் நிறுத்து, வாதம் பண்ணாதே.

என் இடது கை அதன் நேரத்துக்கு வரும். இந்தத் தடவை நீ முந்தாதே.

ஓசெல்லா