நன்றியுரை சொன்னது நான்தான்

கரைத்தீவு,
புத்தளம்.
10.09.2013

அன்பின் ராத்தாவுக்கு, தங்கை முஃப்லிஹாவின் ஸலாம்.

அல்லாஹ்வின் கிருபையால் நாங்கள் எல்லோரும் உடம்புக்குச் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி? நீங்கள் வேலைக்கு நிற்கும் அந்த மூன்று மாடி வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை தரம் படியேறி இறங்குகிறீர்களோ என்று நினைத்தால் எனக்கு இங்கே கால் உளைகிறது. மதுரங்குளி ஜப்பார் நானாவின் மகள் அஸ்ரியா லீவு முடிந்து வியாழக்கிழமை றியாத்துக்குத் திரும்புகிறாள். அவளிடம் கொஞ்சம் மாசிச் சம்பலும் இந்தக் கடிதமும் கொடுத்து விடுகிறேன். போனில் சொல்லத்தான் பார்த்தேன். உங்கள் குரலைக் கேட்டதும் வேறு கதைக்குப் போய்விடுகிறேன்.

நீங்கள் கட்டப்போகும் வீட்டின் அத்திவாரத்துக்குக் கல் இறக்கியாயிற்றா என்று மூன்று தரம் கேட்டீர்கள். மழை என்று சொன்னேன். இங்கே ஒரு துளி மழை இல்லை, ராத்தா. கல்லும் இறக்கவில்லை. ஏன் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். நடுவில் கிழித்துப் போடாமல் கடைசிவரை வாசியுங்கள்.

போன செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூட மண்டபத்தில் மத்திய வங்கிக்காரர்கள் வந்து, காசைப் பாதுகாப்பது பற்றிக் கூட்டம் வைத்தார்கள். மாதர் சங்கச் செயலாளர் நான்தானே, வீடு வீடாய்ப் போய் ஆள் கூப்பிட்டதும் நான்தான். தேத்தண்ணி, பணிஸ், வரவு செலவு எழுதக் கொப்பி எல்லாம் தருவார்கள் என்று சொல்லித் தொண்ணூறு பெண்களைக் கொண்டுவந்து கதிரையில் இருத்தினேன். நன்றியுரையும் என்னுடையதுதான். இரண்டு நாளைக்கு முன்னமே எழுதி வைத்துவிட்டேன்.

முதலில் ஒரு ஐயா எங்கள் மாவட்டத்துப் பொருளாதாரம் என்று படம் போட்டுக் காட்டினார். உப்பு, இறால், கருவாடு, நுரைச்சோலை மின்சாரம் என்று கோடு மேலே மேலே ஏறியது. அந்தக் கோடு எங்கள் ஒழுங்கைப் பக்கம் எப்போது வருமாம் என்று பக்கத்திலிருந்த எதிர்வீட்டு ஹவ்வா மாமியிடம் பகிடி விட்டேன். அவவும் சிரித்தா.

பிறகு ஒரு பெண் உத்தியோகத்தர் பலகையில் ஒரு வட்டம் கீறினார். அதன் கீழே மூன்று, அதன் கீழே ஒன்பது, பிறகு இருபத்தேழு. ஒருவர் காசு போட்டு மூன்று பேரைச் சேர்க்கவேண்டும், அந்த மூவரும் ஆளுக்கு மூவரைச் சேர்க்கவேண்டும், வியாபாரம் என்று ஒன்றுமே இல்லை, பின்னால் வருகிறவரின் காசைத்தான் முன்னால் வந்தவருக்கு இலாபம் என்று கொடுக்கிறார்கள் என்றார். எட்டாவது வரிசைக்கு உங்கள் ஊர்ச் சனம் காணாதே, அப்போது என்ன செய்வீர்கள் என்று கேட்டார். இதைச் சட்டம் தடைசெய்திருக்கிறது என்றும் சொன்னார். நான் முன் வரிசையில் இருந்தேன். எல்லோரும் என்னைத்தான் பார்க்கிறார்கள் என்று திரும்பாமலே தெரிந்தது.

ஓம் ராத்தா, எங்கள் ஊரில் அந்த முதல் வட்டம் நான்தான். டவுனில் மேசை கதிரை போட்டுக் கந்தோர் நடத்திய பதுர்தீன் என்பவர் என்னைச் சேர்த்தார். "பேங்கில கிடந்தா வட்டி, ஹறாம். இது யாவாரத்து லாபம், ஹலால்" என்றார். உங்களுக்கும் வட்டிக் காசு என்றால் அருவருப்புத்தானே. வீடு கட்டவென்று என் பெயரில் பேங்கில் நீங்கள் போட்டுவைத்த ஆறு இலட்சத்தையும் எடுத்துக் கொடுத்துவிட்டேன். இரண்டு மாதம் இலாபம் வந்தது. அந்தத் துணிவில் ஹவ்வா மாமியையும் இன்னும் இருபத்திரண்டு பேரையும் சேர்த்தேன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று என்னைச் சொல்வீர்களே, இந்த வாயால்தான் சேர்த்தேன். பிறகு மூன்று மாதமாக ஒரு சதமும் இல்லை. கணக்கு முடிக்கிறார்களாம் என்று அந்தப் பதுர்தீன் சொன்னதையே நானும் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

நன்றியுரைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். எழுதி வைத்திருந்ததை அப்படியே வாசித்தேன். எங்கள் கண்களைத் திறந்துவைத்த உங்களுக்கு நன்றி என்று எழுதியிருந்தேன், அதையும் வாசித்தேன். ஒருவரும் கை தட்டவில்லை.

வங்கிக்காரர்கள் வான் வண்டியில் ஏறும்போது ஓடிப்போய் அந்த உத்தியோகத்தரைப் பிடித்தேன். நல்ல மனுஷி. பொலிஸில் முறைப்பாடு கொடுங்கள் என்று இலக்கம் எழுதித் தந்தார். காசு வாங்கியதற்குத் துண்டு எழுதிக் கொடுத்தது யார் என்று கேட்டார். மற்றவர்களின் துண்டு எல்லாவற்றிலும் என் கையெழுத்துத்தான், அவனுடையது ஒன்றிலும் இல்லை என்றேன். ஆள் சேர்ப்பதும் குற்றம்தான் தங்கச்சி என்றார். முறைப்பாடு கொடுத்தால் முதலில் என்னைத்தான் பிடிப்பார்கள். கொடுக்காவிட்டால் அவன் தப்பிவிடுவான். அடுத்த நாள் டவுனுக்குப் போய்ப் பார்த்தேன். அந்தக் கந்தோரில் இப்போது அபாயா தைக்கிறார்கள். அவன் போனும் வேலை செய்யவில்லை.

என் வீட்டுக்காரர் உப்பளத்தால் வந்து சோற்றைத் தின்றுவிட்டு முற்றத்தில் பாய் போட்டுப் படுக்கிறார். பெண்கள் வாசலில் வந்து ஏசிவிட்டுப் போகிறார்கள். ஏசட்டும், அதைத் தாங்கலாம். ஹவ்வா மாமியைத்தான் தாங்க முடியவில்லை. மகனின் வள்ளத்துக்கு என்ஜின் வாங்க வைத்திருந்த காசு அவவுடையது. நேற்று வந்து, "என்ன புள்ள, ராத்தாட காசையாச்சும் வெளிய எடுத்துட்டியா?" என்று கேட்டா. தன் காசைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் இல்லை என்று தலையாட்டினேன். கொண்டுவந்த கீரிமீனை என் கையில் தந்துவிட்டுப் போய்விட்டா. அதை ஆக்கவும் மனமில்லை, கொட்டவும் மனமில்லை.

உங்கள் மகள் சப்னாவுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. ஹஜ்ஜுப் பெருநாளைக்கு உம்மா வந்துவிடுவா என்று தலையணை உறை தைக்கிறாள். நீங்கள் போன இந்த ஏழு வருஷமும் வந்துவிடுங்கள், வந்துவிடுங்கள் என்று போனில் அழுதவளும் நான்தான்.

இன்னும் இரண்டு வருஷம் வேலைக்கு நிற்கச் சொல்லி அந்த வீட்டு எஜமானி மடம் கேட்கிறா, ஏலாது என்று சொல்லப் போகிறேன் என்றீர்கள். சொல்லிவிட்டீர்களா, ராத்தா? இன்னும் சொல்லவில்லை என்றால் கொஞ்சம் பொறுங்கள். இதற்கு மேல் எழுத எனக்கு வாயில்லை.

உங்கள் முழங்காலுக்கு அல்லாஹ் பலத்தைத் தரட்டும்.

உங்கள் துஆவைக் கேட்கவும் வெட்கப்படும் தங்கை,
முஃப்லிஹா