அப்பா வந்த நாள்களுக்கு வருகைப்பதிவு

டீச்சர், இன்று காலை என் கணவரின் பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். பாச்சை உருண்டை வாடை முகத்தில் அடித்தது. அவர் பட்டாளத்திலிருந்து லீவில் வரும்போதெல்லாம் முத்தாபுதுப்பேட்டை வாடகை வீடு முழுக்க வீசிய அதே வாடை. நீங்கள் எங்கள் வாசலில் வந்து நின்ற காலையிலும் அது இருந்தது.

எப்போது லீவு கிடைக்கும் என்று அவருக்கே தெரியாது. வந்துவிட்டால் மகளைப் பள்ளிக்கு அனுப்ப எங்களுக்கு மனம் வராது. ஒன்பதாம் வகுப்பில் அவளுக்கு வருகை குறைந்துபோனது. இன்னும் குறைந்தால் தேர்வெழுத முடியாது. பட்டாளத்துப் பிள்ளைகளுக்குத் தலைமையாசிரியை நினைத்தால் விதியைத் தளர்த்தலாம் என்றார்கள். தலைமையாசிரியையான உங்களிடம் வந்தேன். போன மாதம் காய்ச்சல், இந்த மாதம் அப்பாவா என்று கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தீர்கள்.

மறுநாள் சொல்லாமல் கொள்ளாமல் வந்தீர்கள். அவர் மகளோடு கேரம் ஆடிக்கொண்டிருந்தார். அவரிடம் ஒரு வார்த்தை பேசாமல், அவளை மட்டும் மாடிப்படிப் பக்கம் அழைத்துப்போய்த் தணிந்த குரலில் ஏதோ கேட்டீர்கள். அவருக்குச் சுருக்கென்றது.

"சொந்தப் பொண்ணப் பாக்க வந்துகீறேன். இன்னாத்துக்கு இந்த விசாரணை?"

"கோச்சுக்காதீங்க சார். நான் பாக்க வந்தது உங்கள இல்ல, இவள."

காபிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டீர்கள். அந்த வாரமே அனுமதி கிடைத்தது. வீட்டில் தனக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிறதா என்று நீங்கள் கேட்டதாக மகள் சொன்னாள். எங்களை என்னவென்று நினைத்தீர்கள்? எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அதன்பின் நீங்கள் சிரித்தால்கூட, எதை மோப்பம் பிடிக்கிறீர்களோ என்றுதான் தோன்றும்.

நீங்கள் இறந்த துக்கத்துக்குத் திருமுல்லைவாயிலில் உங்கள் வீட்டுக்கு வந்தபோதுதான் உங்களோடு வேலைபார்த்த ஓர் ஆசிரியை சொன்னார். வெகுகாலம் முன்பு, அப்பா லீவில் வந்திருக்கிறார் என்று ஒரு தாய் சொன்னதை நம்பி, மாணவி ஒருத்திக்கு விடுப்புக் கொடுத்தீர்களாம். அவள் திரும்பி வரவேயில்லை. எங்கோ கட்டிக்கொடுத்துவிட்டார்கள். அதுமுதல் நேரில் பார்க்காமல் நீங்கள் எந்த விடுப்புக்கும் கையெழுத்துப் போட்டதில்லையாம். அதையும் நான் உடனே நம்பிவிடவில்லை. செத்தவர்களைப் பற்றி நல்ல கதைகள்தானே சொல்வார்கள்.

நானும் இப்போது ஆசிரியை. போன வாரம் என் வகுப்புப் பெண்ணொருத்தி வரவில்லை. அவள் அப்பா எல்லையிலிருந்து வந்திருப்பதாக அம்மா போனில் சொன்னார். பொய்யாக இருக்காது என்றுதான் நினைத்தேன். ஆனாலும் மாலையில் ஆவடியில் பஸ் பிடித்து அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டினேன். கதவைத் திறந்த அந்த அம்மாவின் முகம் கறுத்தது. எதற்காக வந்தீர்கள் என்று கேட்டார்.

வாசலிலேயே நின்றேன், டீச்சர். உள்ளேயிருந்து அந்தப் பெண் எழுந்து வரும்வரை நின்றேன்.