வெள்ளை உடுப்புக்காரரின் படம்

அண்ணை,

ஜெர்மனியின் டோர்ட்மண்டில் புதுவருடக் காலை. தெருவெல்லாம் சீனவெடியின் சிவப்புக் கடதாசி. யன்னலைத் திறந்ததும் வெடிமருந்து மணம் வந்தது, கூடவே நீங்களும்.

பல வருடங்களுக்கு முன், அன்றைக்கும் புதுவருடம்தான். ஊரில் சண்டைநிறுத்தம் முறிந்துகொண்டிருந்தது. என் கணவரின் தம்பியை மன்னார்க் கடலில் கடற்படை சுட்டுக் கொன்றிருந்தது. செய்தி வந்த நாளிலிருந்து அவர் அழவுமில்லை, பேசவுமில்லை. ஊரில் ஒரே வள்ளத்தில் அவரோடு மீன்பிடித் தொழில் செய்தவர் நீங்கள். உங்களிடமாவது வாய் திறப்பார் என்று உங்கள் புது வீட்டுக்குக் கூட்டிவந்தேன்.

குசினியில் அந்தோனியார் சுரூபத்துக்குப் பக்கத்தில், அதுவரை பெட்டிக்குள் கிடந்த ஒரு படத்தை மாட்டியிருந்தீர்கள். வெள்ளைக் கடற்படை உடுப்பில் ஒருவர். முன்னால் சிவப்பு ரோசா, ஊதுபத்தி.

"ஆர் இது?" என்றார் என் கணவர்.

"சாப்பிடும், பிறகு சொல்லுறன்."

"நேவிக்காரனுக்குப் பூ வைச்சுக் கும்பிடுறியோ?"

உங்களை அவர் ஒருமையில் பேசி அன்றுதான் கேட்டேன். படத்தைக் கழற்றித் தலைக்கு மேலே தூக்கிவிட்டார். அது உடைந்தால் அவருக்கென்று இருந்த ஒரே சிநேகிதமும் போய்விடும்.

நீங்கள் கதிரையை விட்டு எழும்பவில்லை.

"அவர் சயாம் ராசாவின்ரை, இப்பத்தைய தாய்லாந்து ராசாவின்ரை, மகன். அந்த நாட்டு நேவியைக் கட்டினவர். செத்து எவ்வளவு காலம்! இண்டைக்கும் அங்கை கடலுக்குப் போறவை அவருக்கு ரோசா வைச்சு, சீனவெடி கொளுத்திக் கும்பிடுகினம்."

"நேவி நேவிதான்."

"ஓம். நான் இஞ்சை வாற வழியிலை எங்கடை படகு அந்தக் கடலிலை மூழ்கினது. எங்களைத் தூக்கினதும் நேவிதான்."

படத்தோடு அவர் கை மேலேயே நின்றது.

"சுடேல்லையோ?"

"இல்லை. சோறு தந்தவை. இறங்கேக்கை ஒருத்தன் தான் கும்பிடுற இந்தப் படத்தைக் கழற்றி என்ரை கையிலை வைச்சவன்."

அவர் படத்தை இறக்கி, மடியில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். பிறகு நீங்கள் இளவரசருக்கு நேர்ந்துவைத்த வெடியோடு கீழே போனீர்கள். இங்கே வருடக் கடைசியில்தான் வெடி விற்பார்கள். உங்கள் இளவரசரும் அதுவரை பொறுத்திருக்க வேண்டும். என் கணவரும் கூட வந்தார். முதல் வெடியிலேயே காதைப் பொத்திக்கொண்டு ஒரு காருக்குப் பின்னால் குந்திவிட்டார்.

நீங்கள் கண்மூடிய பிறகு படம் எங்கள் வீட்டில். அவர் அதைக் கும்பிடுவதில்லை, தூசு படியவும் விடுவதில்லை. நீங்கள் இல்லாத முதல் புதுவருடம் என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, இன்று அவர் ஒரு சரம் வெடியோடு படியிறங்கினார். பயந்துபோய்ப் பின்னால் ஓடினேன்.

"தாங்கோ, நான் கொளுத்திறன்."

"இல்லை. அண்ணைக்காக நான்தான் கொளுத்த வேணும்."

தீக்குச்சிகள் அணைந்துகொண்டே இருந்தன. கடைசியில் திரி பற்றியது. அண்ணை, காதைப் பொத்தாமல், கடைசி வெடி வரைக்கும் அவர் நின்றார்.