நிழல் நகர்ந்தது, எஸ்தர் நகரல

மகாராணி பரிமளாவுக்கு, உன் புருசன் பீட்டர் கும்புடு போட்டு எழுதுறது. இந்தத் தெலுங்கு ஊரு செங்கச் சூளையில நானும் நம்ம எஸ்தரும் சொகம். ஆபரேசன் தையல் ஆறிட்ச்சா? நம்மூரு காவாந்தண்டலத்துல மழ உண்டா? பொறந்த பையன் உன்ன மாதிரி வாயாடியா கீறானா?

போன்ல சொன்னா நீ அழுவ, அதான் லெட்டரு. இங்க எஸ்தருக்கு ரொம்ப நல்ல பேரு. "பீட்டரண்ணே, உன் பொண்ணு தங்கம், வச்ச எடத்துலயே கீது"ன்றாங்க. நானும் காலரத் தூக்கிக்கினு திரிஞ்சேன். திங்கக்கெழம அவள வேப்பமர நிழல்ல ஒக்கார வச்சிட்டு கல்லு அறுக்கப் போனேன். சோத்துக்கு வந்து பாத்தா நிழலு அந்தாண்ட போயிட்ச்சி, இவ நகரல. வெய்யில்லயே ஒக்காந்துனு கீறா. காலெல்லாம் கொப்பளம். ஒரு சத்தம் போடல.

மருந்து போட்டாச்சி, பயப்படாத. ஆட்டிசம்னா பேச்சு வர லேட்டாவும்னு டாக்டரம்மா சொன்னாங்க. எரிஞ்சாலும் அப்பனக் கூப்புடாதுன்னு சொல்லலியே.

இங்க வர்றவங்க யார்கிட்டயாவது உன் பழைய நீலப் பொடவய குடுத்தனுப்பு. தொவைக்காம அனுப்பு. அத எங்க விரிச்சாலும் அவ ஒக்காருவா, நிழலு போற பக்கம் நான் இழுத்து இழுத்துப் போடுவேன். அவளுக்குத்தான் கேக்குறேன், எனக்கில்ல.

பக்கத்துக் கொட்டாயில புள்ளைங்க கத்துதுங்க. எல்லாரும் பேஜாருன்றாங்க. நான் ஒக்காந்து கேட்டுக்கினு கீறேன்.

மேஸ்திரி கூப்புடறான், எழுந்துக்குறேன். பையன் அழுதா அடக்காத பரிமளா. நல்லா அழுவட்டும்.

பீட்டர்