தொட்டிலுக்கு மேலே ஒரு பலகை

பாப்பாவின் அப்பாவுக்கு,

சாப்பாடு அடுப்பின் மேல் இருக்கிறது. தொட்டிலுக்கு மேலே நேற்று நீங்கள் ஒட்டிய பலகையை இன்றே இறக்குங்கள். சுவரை ஈரத்துணியால் துடைத்த கையோடு பாலியூரிதேன் பசையைத் தடவினீர்கள். அது நுரைத்துப் பொங்கியதும், "பாத்தியா, எப்படிப் பிடிக்குதுன்னு!" என்று மார்தட்டினீர்கள். ஈரம் மிஞ்சினால் அந்தப் பசை வாயுவைக் கக்கும். உள்ளே வெறும் குமிழிதான். பத்து வருடமாக அதையே விற்கிறவருக்கு டப்பாவில் போட்டிருப்பதைப் படிக்க நேரமில்லை. சொன்னால், "லேப்ல உக்காந்து பேசுறது சுலபம்டி" என்கிறீர்கள். பலகை இறங்கும்வரை பாப்பா என் அக்கா வீட்டில்தான் தூங்குவாள்.

பி.கு.: உளி தேட வேண்டாம், கையால் இழுத்தாலே வரும். வராவிட்டால் என் வாயை மூடிக்கொண்டு திரும்பி வருகிறேன். இழுக்கும்போது கால்விரலை மட்டும் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.