என் மெஷினில் மட்டும் நிற்கிறது

மார்ச் 4, 2024, திங்கள்

மும்பை குர்லா ஆபீசில் இன்றும் அதே பாட்டு. பச்சிளங்குழந்தைகளுக்கு மருந்தளவு கணக்கிடும் எங்கள் சாஃப்ட்வேர் என் லேப்டாப்பில் பாதியில் நின்றுபோகிறது. டெஸ்டிங் பார்க்கும் பிரைட்டனிடம் ஜோராக ஓடுகிறது. "ஒங்க மெஷின்லதான் கோளாறு, பத்மஜாக்கா," என்கிறான். அடுத்த திங்கள் இது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மார்ச் 5

கோளாறு என் மெஷினில் இல்லை! உள்ளே ஓர் அசர்ஷன் இருக்கிறது — ‘எடை 150 கிலோவுக்குள் இருக்க வேண்டும், இல்லையென்றால் நில்’ என்று நான் எழுதிய காவல் வரி. புதிய திரை எடையைக் கிராமில் அனுப்புகிறது. 2.8 கிலோ குழந்தை 2800 கிலோ ஆகிவிடுகிறது. நிற்காமல் என்ன செய்யும்?

பிரைட்டனிடம் ஏன் நிற்கவில்லை? இன்னும் பிடிபடவில்லை; நிற்காமல் ஓடுவதுதான் ஆபத்து. ஆயிரம் மடங்கு மருந்து என்று வந்தால் யார் கண்ணிலும் படும். ஆனால் புரோகிராமின் அடுத்த வரி அதைப் பெரியவர்களுக்கான உச்ச அளவுக்கு வெட்டிவிடுகிறது. பார்வைக்கு ஒழுங்கான எண். நர்ஸ் நம்பிவிடுவாள்.

மார்ச் 6

பிடித்துவிட்டேன். நான் புரோகிராம் எழுதும் எடிட்டரில் அசர்ஷன்கள் ஆனில் இருக்கின்றன. எல்லோர் எழுதியதையும் சேர்த்து டெஸ்டுகள் ஓட்டும் பொது கம்ப்யூட்டரான பில்ட் சர்வரில் யாரோ அணைத்து வைத்திருக்கிறார்கள். பிரைட்டன் கையால் ஓட்டும் ஸ்கிரிப்டில் ஆன் செய்யவே இல்லை. ஒரே புரோகிராம், இடத்துக்கு ஒரு நியாயம்!

சாப்பிடும்போது அம்மாவிடம் புலம்பினேன். "நம்ம பில்டிங் வாட்ச்மேன் மாதிரின்னு சொல்லு. ஏ விங்ல முழிச்சிண்டிருப்பான், பி விங்ல தூங்கிண்டிருப்பான்." இவளை அழைத்துப்போய் மீட்டிங் நடத்தலாம்.

மார்ச் 7

மேனேஜர் அனந்தகிருஷ்ணன் சார்: "ரிலீஸ் முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம். ஆன் பண்ணினா எத்தனை டெஸ்ட் விழும் தெரியுமோ?"

விழட்டுமே! அதுக்குத்தானே டெஸ்ட்? கத்திவிட்டேன். "எந்த மகானுபாவன் இதை அணைச்சு வச்சது?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன்.

மார்ச் 8

சிவராத்திரி. ஆபீஸ் லீவு. எரிச்சலுக்கு லீவு இல்லை.

மார்ச் 11

என் கத்தல் மேலிடம்வரை போய், ரிலீஸை நிறுத்திவிட்டார்கள். சார் முகம் கொடுத்துப் பேசவில்லை. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஆன் செய்தோம். பதினேழு டெஸ்ட் விழுந்தது. குழந்தை எடைதான் முதலில்.

மார்ச் 12

பில்ட் சர்வரில் அணைத்தது யார் என்று பழைய பதிவுகளைத் தோண்டினேன். பெயரைப் பிடித்துக் கிழிக்க வேண்டும் என்றுதான்.

ஜூன் 2022. பெயர்: பத்மஜா.

நானேதான். அன்று டெமோ, பில்ட் விழுந்துகொண்டே இருந்தது. இப்போது ஞாபகம் வருகிறது. கூடவே என் குறிப்பு: ‘டெமோவுக்கு மட்டும். நாளை எடுத்துவிட வேண்டும்.’

பிரைட்டனைக் கூப்பிட்டுக் காட்டினேன். மறைத்திருக்கலாம், மனசு கேட்கவில்லை. அவன் சிரிக்கக்கூட இல்லை. "நாளைக்குன்னு எழுதியிருக்கியளே, எந்த நாளைக்குக்கா?"

‘நாளை மீட்டிங்கில் எல்லோரிடமும் சொல்லிவிட வேண்டும்’ என்று இங்கே எழுதினேன். அடித்துவிட்டேன். இப்போதே எல்லோருக்கும் மெயில் அனுப்பியாயிற்று.